வீட்டுக் கணினியிலிருந்து எப்போதாவது ஃபேக்ஸ் அனுப்ப எந்த வழி நல்லது?

வருடத்தில் நாலைந்து முறைதான் கையெழுத்திட்ட படிவங்களை ஃபேக்ஸில் அனுப்ப வேண்டியிருக்கிறது, வீட்டில் கணினியும் ஸ்கேனரோடு கூடிய பிரிண்டரும் உண்டு, ஃபேக்ஸ் இயந்திரம் இல்லை; கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் யூஎஸ்பி ஃபேக்ஸ் மோடம் ஒன்று வாங்கலாமா, மாதச் சந்தா கட்டி இணையச் சேவையில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரியில், வீட்டுத் தொலைபேசி இப்போது இணைய ரௌட்டரின் பின்பக்கத்தில் செருகியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முடிவைத் தீர்மானிக்கப் போவது அந்த ஒரு வரிதான். மோடமா சேவையா என்று யோசிப்பதற்கு முன்னால், வீட்டுக்குள் வருவது எந்த வகை இணைப்பு, அது ஃபேக்ஸைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அலுவலகங்களில் ஃபேக்ஸ் இயந்திரம், மோடம், தொலைபேசி இணைப்பு இவற்றை நிறுவுவதும் பழுதுபார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். உங்கள் நிலையில் மோடம் வாங்க வேண்டாம். மாதச் சந்தாவும் வேண்டாம். ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கும் இணையச் சேவை ஒன்று போதும். இந்தப் பதில் மாறுவதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். பழைய செப்புக் கம்பி லேண்ட்லைன் உங்கள் வீட்டில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். அல்லது, வேறொருவருடைய கணினியில் ஒரு மணி நேரம்கூடத் தங்கக் கூடாத ஆவணங்களை நீங்கள் அனுப்புபவராக இருக்கலாம்.

இணைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபேக்ஸ் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று உலகெங்கும் புழங்குவது குரூப் 3 என்ற முறை. 1980-ல் தரப்படுத்தப்பட்டது. மனிதக் குரலுக்காக அமைத்த கம்பியில், தாளின் படத்தை ஒலியாக மாற்றிக் கடத்தும் ஏற்பாடு அது. அனுப்பும் பக்கம் 1100 ஹெர்ட்ஸில் அரை விநாடி ஒலித்து, மூன்று விநாடி நிறுத்தி, மறுபடி ஒலிக்கும். எடுக்கும் இயந்திரம் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலியால் பதில் சொல்லும். அடுத்து வரும் கரகரப்புச் சத்தத்தில் இரண்டும் தங்களால் என்னென்ன முடியும் என்று பேசி முடிவு செய்துகொள்கின்றன. பிறகு ஒன்றரை விநாடிக்கு ஒரு சோதனை நடக்கிறது. அனுப்பும் பக்கம் வெறும் பூஜ்யங்களாக அனுப்பும். எடுக்கும் பக்கம் அவை பூஜ்யங்களாகவே வந்து சேர்கின்றனவா என்று பார்க்கும். சேர்ந்தால் விநாடிக்கு 14,400 பிட் வேகத்தில் பக்கம் போகத் தொடங்கும். இல்லையென்றால் 9,600, 7,200, 4,800 என்று படிப்படியாக இறங்கி, கடைசியாக 2,400 வரைக்கும் போய்ப் பார்க்கும். ஃபேக்ஸ் போகும்போது முதல் பத்துப் பதினைந்து விநாடிக்குக் கேட்கிற அந்தச் சத்தம் முழுக்க இந்தப் பேச்சுவார்த்தைதான்.

செப்புக் கம்பியில் இந்த ஒலி இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போய்ச் சேரும். ரௌட்டர் வழியாக வரும் தொலைபேசியில் அப்படிப் போவதில்லை. ஒலியைப் பொதுவாக 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பொட்டலமாக இணையத்தில் அனுப்புவார்கள். பேசும்போது ஒரு பொட்டலம் தொலைந்தால் காதுக்கே தெரியாது. ஆனால் 14,400 வேகத்தில் போகும் ஃபேக்ஸில் அந்த 20 மில்லிவிநாடிக்குள் 288 பிட்டுகள் இருக்கின்றன. அவை போனால் பக்கத்தில் சில வரிகள் சிதையும், சமயத்தில் அழைப்பே அறுந்துவிடும். பொட்டலங்கள் தொலையாமல் முன்பின்னாகத் தாமதித்து வந்தாலும் இதே கதிதான். இதற்கு மேல், குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 போன்ற முறைகளில் ஃபேக்ஸ் போகவே போகாது. அவை மனிதப் பேச்சின் தன்மையை வைத்துச் சுருக்குபவை, மோடத்தின் ஒலியை உருத்தெரியாமல் ஆக்கிவிடும். சுருக்காமல் அனுப்பும் ஜி.711 இருந்தால் போக வாய்ப்புண்டு. இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை.

இதைச் சரிசெய்வதற்கென்றே 1998-ல் டி.38 என்ற தரம் வந்தது. ஃபேக்ஸின் ஒலியை ஒலியாகவே கடத்தாமல், அதற்குள் இருக்கும் தகவலை இந்தப் பக்கமே பிரித்தெடுத்து, பொட்டலங்களாக அனுப்பி, அந்தப் பக்கத்தில் மறுபடி ஒலியாக்கிக் கொடுக்கும் முறை அது. நன்றாக வேலை செய்யும், ஆனால் உங்கள் ரௌட்டர், தொலைபேசி நிறுவனம், நடுவில் அழைப்பைக் கைமாற்றும் மற்ற நிறுவனங்கள் எல்லாமே அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.38 என்று ஒரு பெட்டியில் டிக் இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிடுபவர்கள் நிறைய. அந்த டிக் உங்கள் வீட்டு முனையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. உங்கள் இணைப்பில் முழு வழியும் அதை ஆதரிக்கிறதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இணைப்பு கொடுக்கும் நிறுவனத்திடம், "ஃபேக்ஸ் அனுப்பினால் போகுமா, டி.38 உண்டா" என்று நேராகவே கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

உங்களிடம் இருப்பது எந்த வகை இணைப்பு என்று சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை போதும். ரௌட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். டயல் டோன் கேட்டால் அது தனிக் கம்பி. கேட்காவிட்டால் அது இணையவழி இணைப்பு. கார்ட்லெஸ் தொலைபேசியின் தாங்கிக்கும் மின்சாரம் தேவை என்பதால் சாதாரணக் கம்பித் தொலைபேசியை வைத்துச் சோதியுங்கள்.

தனிக் கம்பி இருக்கும் வீடு என்றால் என் பதில் வேறு. அங்கேயும் மோடம் வாங்குவதற்கு முன்னால் பிரிண்டரைப் பாருங்கள் என்பேன். ஸ்கேனரோடு கூடிய வீட்டு பிரிண்டர்களில் கணிசமானவற்றுக்குள் ஃபேக்ஸ் வசதி ஏற்கெனவே இருக்கிறது. வாங்கியவருக்கே அது தெரியாமல் இருக்கும். பின்பக்கத்தில் தொலைபேசி ஒயர் செருகும் அளவில் இரண்டு சின்னத் துளைகள், ஒன்றில் லைன், மற்றதில் எக்ஸ்ட் என்று எழுதியிருந்தால் அது ஃபேக்ஸும் அனுப்பும். லைன் என்பதில் சுவரிலிருந்து வரும் ஒயர், எக்ஸ்ட் என்பதில் வீட்டுத் தொலைபேசி. மாற்றிச் செருகிவிட்டு இயந்திரம் பழுது என்று அழைத்தவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். இப்படிப்பட்ட பிரிண்டர்கள் பலவற்றுக்குக் கணினியில் நிறுவ ஒரு ஃபேக்ஸ் டிரைவரும் உண்டு. அதை நிறுவினால் எந்த ஆவணத்தையும் அச்சிடுவது போலவே, பிரிண்டருக்குப் பதில் ஃபேக்ஸைத் தேர்ந்தெடுத்து, எண்ணைத் தட்டி அனுப்பிவிடலாம். தாளே தேவையில்லை. உங்கள் பிரிண்டரின் மாடலை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால் இதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

பிரிண்டரில் வசதி இல்லாமல், கம்பி மட்டும் இருந்தால் அப்போது யூஎஸ்பி மோடம் நல்ல தேர்வு. பெட்டியின் மேல் 56கே என்று பெரிதாகப் போட்டிருப்பது பழைய டயல்-அப் இணையத்துக்கான வேகம், ஃபேக்ஸுக்கு அதனால் பயன் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஃபேக்ஸ் 14,400 என்பதும், கணினி மோடத்தை இயக்கப் பயன்படுத்தும் கிளாஸ் 1 ஃபேக்ஸ் கட்டளைகள் உண்டா என்பதும். விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன் என்ற மென்பொருள் வருகிறது. 10, 11 பதிப்புகளில் கண்ணில் படவில்லை என்றால் விருப்ப வசதிகள் பட்டியலில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸில் எப்போதாவது அனுப்புபவருக்கு ஈஃபேக்ஸ்-ஜிடிகே என்ற மென்பொருள் எளிது. ஹைலாஃபேக்ஸ் அலுவலகத்துக்கான பெரிய ஏற்பாடு. மேக்கில் பழைய பதிப்புகளில் இருந்த ஃபேக்ஸ் வசதியை ஆப்பிள் எடுத்துவிட்டதால், புதிய மேக் வைத்திருப்பவர்களுக்கு மோடம் வாங்கச் சொல்ல மாட்டேன். மலிவான மோடம்கள் சில, வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் செயலியிடமே தள்ளிவிடும். கணினி வேறு வேலையில் திணறும் நேரத்தில் ஃபேக்ஸ் அறுந்துபோகும். அனுப்பும்போது மற்ற மென்பொருள்களை மூடிவிடுவது அதற்கு எளிய மருந்து.

கம்பி இருந்தும் ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டை. கால் வெயிட்டிங் வசதி இருந்தால், நடுவில் யாராவது அழைக்கும்போது வரும் டிக் ஒலி ஒரு பக்கத்தையே கெடுத்துவிடும். அனுப்பும் நேரத்துக்கு அதை நிறுத்திவையுங்கள். அதே கம்பியில் டிஎஸ்எல் இணையம் வருகிறது என்றால் மோடத்துக்கு முன்னால் இணையத்தின் ஒலியைத் தடுக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் நிற்கிறதா, வேகத்தை 9,600-க்குக் குறையுங்கள். இணையவழித் தொலைபேசியில் அனுப்பிப் பார்த்தே தீருவேன் என்பவர்களும் இதையே செய்யலாம், கூடவே இசிஎம் என்ற பிழைதிருத்தத்தையும் நிறுத்திப் பார்க்கலாம். இசிஎம் இயங்கும்போது பக்கம் 256 பைட் கொண்ட துண்டுகளாகப் போகும், கெட்டுப்போனவற்றை மட்டும் எடுக்கும் பக்கம் திரும்பக் கேட்கும். நல்ல கம்பியில் அதைவிடச் சிறந்தது இல்லை. பொட்டலம் தொலையும் இணைப்பில் கேட்பதும் அனுப்புவதுமாகவே நேரம் போய், முடிவில் அழைப்பைத் துண்டித்துவிடும். நிறுத்தினால் ஓரிரு வரி சிதைந்தாலும் பக்கம் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஆனால் எந்த வரி சிதையும் என்பது நம் கையில் இல்லை. கணக்கு எண் இருக்கும் வரியாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் முக்கியமான படிவத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

இனி உங்களுக்கு நான் சொன்ன இணையச் சேவை. பிடிஎஃப் கோப்பை ஏற்றுகிறீர்கள், எண்ணைக் கொடுக்கிறீர்கள், அவர்கள் தங்கள் தொலைபேசி இணைப்புகள் வழியாக அதை அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டு இணைப்பின் தரம் இதில் ஒரு பொருட்டே இல்லை, அதுதான் இதன் பெரிய பலம். இவற்றில் மூன்று வகை உண்டு. முகப்புத் தாளில் தங்கள் விளம்பரத்தைப் போட்டுக்கொண்டு சில பக்கங்களை இலவசமாக அனுப்புபவை ஒரு வகை. ஃபேக்ஸ்ஜீரோ அப்படிப்பட்டது, ஆனால் அதன் இலவசம் அமெரிக்க, கனடா எண்களுக்கு மட்டும். அரசு அலுவலகத்துக்கோ வங்கிக்கோ போகும் தாளின் தலைமாட்டில் விளம்பரம் இருப்பது எனக்குப் பிடிக்காது என்றாலும், விதி எதையும் மீறுவதாகாது. ஒவ்வொரு முறைக்கும் காசு வாங்குபவை இரண்டாவது வகை. சந்தாச் சேவைகள் மூன்றாவது வகை. அவை உங்களுக்கென்று ஒரு ஃபேக்ஸ் எண்ணும் தரும். சந்தாவின் முக்கியமான பலனே அந்த எண்தான். உங்களுக்கு யாரும் ஃபேக்ஸ் அனுப்பப் போவதில்லை என்னும்போது அதற்கு மாதாமாதம் பணம் கட்டுவதில் பொருள் இல்லை. முதல் மாதம் இலவசம் என்று சொல்லி அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த மாதத்திலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும் சேவைகளிடம் கவனமாக இருங்கள். சேருவதற்கு முன்னால், ரத்து செய்வது எப்படி என்ற பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அது எளிதில் கிடைக்கவில்லை என்றால் சேராதீர்கள்.

ஒரு முறைக்குக் காசு வாங்கும் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்ப வேண்டிய நாட்டுக்கு அது அனுப்புகிறதா என்பது முதலாவது. முகப்புத் தாளையும் ஒரு பக்கமாகக் கணக்கிடுகிறார்களா, எண் பிஸியாக இருந்தால் எத்தனை முறை திரும்ப முயல்வார்கள், கடைசியில் போகாவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதெல்லாம் அடுத்தது. ஃபைன் என்ற கூடுதல் தெளிவான தரத்தில் அனுப்பத் தெரிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். போய்ச் சேர்ந்ததற்கான அறிக்கை நேரம், பக்க எண்ணிக்கை, எடுத்த எண் மூன்றோடும் வருகிறதா என்பது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

அந்தரங்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கையெழுத்திட்ட படிவம் என்று எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைபேசிக் கம்பியில் போகும் ஃபேக்ஸ் பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதாரண குரூப் 3 ஃபேக்ஸில் மறைகுறியாக்கம் எதுவும் கிடையாது. கம்பியில் கை வைக்க முடிந்தவருக்கு அதைப் படிக்கவும் முடியும். நடைமுறையில் அதைவிடப் பெரிய ஆபத்து, மறுமுனையில் பொதுவான இடத்தில் இருக்கும் இயந்திரத்தின் தட்டில் உங்கள் தாள் கேட்பாரற்றுக் கிடப்பது. இணையச் சேவையில் கூடுதலாக ஒன்று சேர்கிறது: உங்கள் ஆவணத்தின் பிரதி அவர்களிடமும் தங்கும். சில சேவைகள் உடனே அழித்துவிடுவதாகச் சொல்கின்றன, சில மாதக்கணக்கில் வைத்திருக்கின்றன. சொன்னபடி அழிக்கிறார்களா என்று வெளியிலிருந்து சரிபார்க்க நம்மால் முடியாது. சாதாரண விண்ணப்பப் படிவத்துக்கு இந்த ஆபத்து ஏற்கக்கூடியது என்பது என் கருத்து. மருத்துவ அறிக்கை, முழு வங்கி விவரம், அடையாள அட்டைப் பிரதி என்றால் நான் தயங்குவேன். தனிக் கம்பியில் இயங்கும் இயந்திரம் வைத்திருக்கும் நம்பகமான ஒருவரிடம் போய் அனுப்பிவிட்டு, தாளைக் கையோடு வாங்கி வருவேன். மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பினால் ஃபேக்ஸாக மாற்றித் தரும் சேவைகளில், மின்னஞ்சல் போகும் வழியும் சேர்ந்துகொள்கிறது என்பதால் அந்த மாதிரி ஆவணங்களுக்கு வலைப்பக்கத்தில் நேரடியாக ஏற்றுவதே மேல்.

வழி எதுவானாலும், ஆவணத்தைத் தயார் செய்வதில்தான் பெரும்பாலான ஃபேக்ஸ்கள் கெட்டுப்போகின்றன. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஃபேக்ஸுக்குத் தெரிந்தது கறுப்பும் வெள்ளையும் மட்டும், சாம்பல் நிறம்கூடக் கிடையாது. ஒரு வரிக்கு 1728 புள்ளிகள், அதாவது குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 8. நெடுக்கில் சாதாரணத் தரத்தில் மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள், ஃபைன் தரத்தில் 7.7. ஒரு படிவத்தில் 8 பாயின்ட் அளவில் அச்சாகியிருக்கும் எண்ணின் உயரம் சுமார் 2 மில்லிமீட்டர். சாதாரணத் தரத்தில் அந்த எண் ஏழெட்டு வரிகளில் அடங்க வேண்டும். அதில் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோல் தெரியும். 5 சில சமயம் 6 ஆகிவிடும். ஃபைனில் 15 வரிகள் கிடைக்கும்போது பிரச்சினை இல்லை. எண்கள் இருக்கும் எந்த ஆவணத்தையும் ஃபைனில்தான் அனுப்ப வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஃபைனில் ஒரு ஏ4 பக்கம் கிட்டத்தட்ட 40 லட்சம் புள்ளிகள். அப்படியே அனுப்பினால் 14,400 வேகத்தில் நாலரை நிமிடம் பிடிக்கும். ஆனால் எழுத்து மட்டும் இருக்கும் பக்கம் ஒரு நிமிடத்துக்குள் போய்விடுவதற்குக் காரணம் சுருக்கம். இத்தனை வெள்ளைப் புள்ளி, இத்தனை கறுப்புப் புள்ளி என்று எண்ணிச் சொல்லும் முறை அது. ஒன்றுமே எழுதாத ஒரு வெள்ளை வரி, 1728 புள்ளியும் சேர்ந்து, 17 பிட்டில் அடங்கிவிடும். அதே முறையில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று மாறி மாறி வந்தால் இரண்டு புள்ளிக்கு 9 பிட் ஆகும். சுருங்குவதற்குப் பதில் நாலரை மடங்கு வீங்கும். புகைப்படத்தையும் சாம்பல் பின்னணியையும் புள்ளிபுள்ளியாக மாற்றும்போது இதற்கு நெருக்கமான ஒன்றுதான் நடக்கிறது. கைப்பேசியில் படம் பிடித்த படிவத்தின் மூலையில் விழுந்திருக்கும் நிழல் ஒரு பக்கத்தைப் பல நிமிடங்களுக்கு இழுத்துவிடும். அழைப்பு நீள நீள அது அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு-வெள்ளை என்பதைத் தேர்ந்தெடுத்து, 200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளிகள் என்ற அளவில் எடுத்துவிடுங்கள். கலரில் எடுத்து, ஃபேக்ஸ் மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அது தன் இஷ்டத்துக்குப் புள்ளி வைக்கும். ஸ்கேன் செய்ததைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே படிக்க முடியாதது மறுமுனையிலும் படிக்க முடியாது. மஞ்சள் ஹைலைட்டர் போட்ட வரி மோசமான கேஸ்: முக்கியம் என்று நாம் குறித்த வரியே புள்ளிக் கூட்டத்துக்குள் மறைந்துபோகும், சில ஸ்கேனர்களில் முழுக் கறுப்புப் பட்டையாகவே வரும். பென்சில் எழுத்தும் வெளிர்நீலப் பேனாவும் காணாமல் போகும், கறுப்பு பால்பாயின்ட்டால் அழுத்தி எழுதுங்கள். வெளிர் நிற ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த தாள் என்றால் ஸ்கேனரில் கருமையின் அளவைக் கொஞ்சம் கூட்டி இரண்டு மூன்று விதமாக எடுத்து, எழுத்தும் கெடாமல் முத்திரையும் தெரிகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியிலேயே உருவாக்கிய கடிதம் என்றால் அச்சிட்டு ஸ்கேன் செய்யாமல் நேரடியாக பிடிஎஃப் ஆக்குங்கள். எழுத்து கூர்மையாக இருக்கும். கையெழுத்து வேண்டிய பக்கத்தை மட்டும் அச்சிட்டுக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து சேர்த்துக்கொள்ளலாம். கையெழுத்தின் படத்தை ஒட்டி அனுப்பினால் செல்லுமா என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது, அது பெறுபவரின் விதியையும் அந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது.

முகப்புத் தாளில் யாருக்கு, யாரிடமிருந்து, மொத்தம் எத்தனை பக்கம், திரும்ப அழைக்க வேண்டிய எண் இவை போதும். அடையாள எண்ணையோ கணக்கு எண்ணையோ முகப்பில் எழுத வேண்டாம், தட்டில் மேலாகக் கிடக்கப்போவது அந்தத் தாள்தான்.

அனுப்பியதும் வரும் ஓகே அறிக்கையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எடுக்கும் இயந்திரம் கிடைத்தது என்று ஒரு குறிப்பைத் திருப்பி அனுப்பும். அது வந்தால்தான் ஓகே. ஆகவே நீங்கள் அழைத்த எண்ணில் ஒரு ஃபேக்ஸ் இயந்திரம் பக்கத்தை வாங்கிக்கொண்டது என்பது உறுதி. அந்த எண் சரியான எண்தானா என்பது உறுதி இல்லை. தாளில் அச்சாகியதா என்பதும் உறுதி இல்லை, காகிதமோ மையோ தீர்ந்திருந்தால் இயந்திரம் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டும் ஓகே சொல்லும். இசிஎம் இல்லாமல் போன பக்கத்தில் சில வரிகள் சிதைந்திருந்தும் ஓகே வரலாம். அறிக்கையில் எடுத்த இயந்திரத்தின் எண் காட்டினால் நீங்கள் தட்டிய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அந்த எண், இயந்திரத்தை நிறுவியவர் தட்டி வைத்தது. எண் மாறிய பிறகும் பழையதையே காட்டும் இயந்திரங்கள் உண்டு. கடைசித் தேதி இருக்கும் விஷயம் என்றால் தொலைபேசியில் அழைத்து, எத்தனை பக்கம் வந்தது, கடைசிப் பக்கத்தின் கடைசி வரி என்ன என்று கேட்டுவிடுங்கள். பாதியில் அறுந்தால் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பாமல், வராத பக்கங்களை மட்டும் "இத்தனையாவது பக்கத்திலிருந்து" என்ற குறிப்போடு அனுப்புவது இரு தரப்புக்கும் வசதி.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். ஃபேக்ஸில் அனுப்பச் சொல்லும் அலுவலகங்கள் பலவற்றில் இன்று மறுமுனையில் இயந்திரமே இல்லை. வரும் ஃபேக்ஸ் ஒரு சர்வரில் பிடிஎஃப் ஆகி யாரோ ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போகிறது. அப்படிப்பட்ட இடங்களில், வலைத்தளத்தில் ஏற்றலாமா என்று கேட்டால் சில சமயம் சரி என்பார்கள், படிவத்தில் மட்டும் பழைய வாசகம் மாறாமல் இருந்திருக்கும். முடியாது என்றால் அவர்கள் கையாளும் விதியில் ஃபேக்ஸ் என்றே எழுதியிருக்கும், வாதாடிப் பயனில்லை. அனுப்பிவிட்டு, ஓகே அறிக்கையையும் அனுப்பிய பிடிஎஃப்பையும் ஒரே கோப்புறையில் தேதியோடு சேமித்து வையுங்கள். சேவையின் கணக்கில் அறிக்கை இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம், பல சேவைகளில் சில வாரங்களில் அது அழிந்துவிடும்.